பழைய ஜீப்புக்குப் புதிய என்ஜின் தகுமா?

மலைத் தோட்டங்களில் இன்றும் சுமை இறக்கிவரும் பழைய மஹிந்திரா சி.ஜே.3பி ஜீப்பின் பெட்ரோல் என்ஜின் தேய்ந்ததும், நவீன டீசல் என்ஜினைப் பொருத்திவிடலாமே என்ற எண்ணம் விவசாயிகளுக்கு எழுவது இயல்பே.

என்ஜின் விலையை மட்டும் கணக்கிட்டால் ஏமாற நேரிடும். பழைய ஹரிக்கேன் என்ஜினின் முறுக்குவிசை சுமார் 155 நியூட்டன் மீட்டர். 2010-இல் வெளிவந்த தார் வண்டியின் 2.5 லிட்டர் காமன் ரெயில் டீசல் என்ஜினுக்கோ 247. மூன்று கியர் கொண்ட பழைய கியர் பெட்டியும் பின் அச்சும் இவ்விசையை நெடுநாள் தாங்கா. அவற்றையும் மாற்ற வேண்டிவரும். காமன் ரெயில் என்ஜினுக்கு மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியும் உணர்விகளும் தேவை. மலைப்பாதையில் நின்றுவிட்டால் உள்ளூர் மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து பயனில்லை.

பிரேக்கைப் பலரும் மறந்துவிடுகின்றனர். சுமையுடன் வேகமாக இறங்கும் வண்டியைப் பழைய டிரம் பிரேக்கை நம்பி ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் அனுமதியும் அவசியம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பார்க்கவும்.

சேற்றிலும் மேட்டிலும் மெல்ல ஊர்வதே வேலையெனில், ஜீப்பின் குறைவேகக் கியரே இழுவையை 2.46 மடங்கு பெருக்கித் தரும். சிலிண்டரை 'போர்' செய்து, பிஸ்டன், ரிங், வால்வுகளைப் புதுப்பித்தால் போதும். நாள்தோறும் நெடுந்தூரச் சந்தைக்கு ஓட வேண்டுமானால், அதற்கெனத் தனியே ஒரு சரக்கு வண்டி வாங்குவதே நன்று.