எத்தனால் ஆலையில் கழுவும் சரக்கும் நம் கடைச் சரக்கும்

மக்காச்சோளமும் குருணையும் இப்போது தீவனத்துக்கும் மாவு மில்லுக்கும் மட்டும் போவதில்லை என்பதை நம் உறுப்பினர்கள் அறிவார்கள். 2018ஆம் ஆண்டு தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, கரும்பு மொலாசஸோடு உடைந்த அரிசி போன்றவற்றிலிருந்தும் எத்தனால் எடுக்க வழி செய்தது. 2025இல் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் என்ற அளவும் எட்டப்பட்டது. அந்த ஆலைகளுக்குள் நடக்கும் கழுவும் வேலையைப் பற்றி நாம் இங்கே எழுதக் காரணம், அதற்குப் பயன்படும் காஸ்டிக் சோடாவும் ஆசிட்டும் நம் கடை அலமாரியிலும் இருப்பதுதான்.

உப்புத் தண்ணீரைத் தினமும் காய்ச்சும் வெந்நீர் அண்டாவில் வெள்ளையாகப் படிவு கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். மொலாசஸில் சுண்ணாம்புச் சத்து அதிகம். ஆகவே ஆலையின் வடிகலத்திலும் ஆவியாக்கும் குழாய்களிலும் இதே படிவு கல்லாக ஏறுகிறது. சூடு உள்ளே இறங்காது. நீராவிச் செலவு கூடும். புளிக்க வைக்கும் தொட்டியில் வேறு தொல்லை. சுவரில் ஒட்டிய பிசுக்கில் பாக்டீரியா தங்கி, ஈஸ்ட்டுக்குச் சேர வேண்டிய சர்க்கரையைத் தின்று புளிப்பாக்கிவிடும். சாராயம் குறையும்.

பிசுக்குக்கு காஸ்டிக், கல்லுக்கு ஆசிட். நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு காஸ்டிக் கலந்த சுடுநீரைக் குழாய்களில் சுற்றவிட்டு, தண்ணீரில் அலசி, பிறகு ஆசிட் விட்டு, மறுபடி அலசுவார்கள். எவர்சில்வர் கருவிகளுக்கு நைட்ரிக் அல்லது சல்ஃபாமிக் ஆசிட்தான். நாம் கக்கூஸ் கழுவ விற்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் எவர்சில்வரைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். பாத்திரம் தேய்க்க அதைக் கேட்டு வருபவர்களிடம் இதைச் சொல்லலாம்.

ஆலைக்காரர்கள் மிகவும் அஞ்சுவது வேறொன்று. புளிப்பு முடிந்த தொட்டியில் கரியமில வாயு நிரம்பியிருக்கும். அதை வெளியேற்றாமல் காஸ்டிக்கைத் தெளித்தால், காஸ்டிக் அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே வெற்றிடமாகி, பெரிய இரும்புத் தொட்டியே தகர டப்பாவைப் போல நசுங்கிவிடக்கூடும். ஆகவே முதலில் காற்றோட்டம், பிறகே காஸ்டிக். ஆள் இறங்குவதானால் காற்றைச் சோதித்த பின்னரே இறங்க வேண்டும்.

அங்கே கண்ணாடி, கையுறை, எழுதிவைத்த விதி எல்லாம் உண்டு. நம்மிடம் வாங்குபவருக்கோ பழைய கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் சில கடைகளில் இன்றும் இருக்கிறது. வீட்டில் குழந்தை அதைத் தண்ணீர் என்று எடுத்தால் தொண்டையும் குடலும் வெந்துபோகும். இது நமக்குத் தெரியாததல்ல. சில்லறைக்கு ஆசைப்பட்டுக் கண்டும் காணாமல் இருக்கிறோம்.

ஆசிட் விற்பனை பற்றி உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் உத்தரவிட்டது. வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அரசு தந்த புகைப்பட அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். எதற்கு வாங்குகிறார் என்றும் கேட்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. இருப்பை அதிகாரியிடம் தெரிவிக்காவிட்டால் பறிமுதலும் ரூ.50,000 வரை அபராதமும் உண்டு.

அலமாரியிலும் கவனம் தேவை. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அடுத்தடுத்து வைக்க வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். காஸ்டிக்கை அலுமினியப் பாத்திரத்தில் போடாமல், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். கரைப்பது எப்படி என்று கேட்பவரிடம், தண்ணீரில்தான் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.