வெயிலில் வெளுக்கும் இலை: நோயா, சத்துக் குறைவா?

ஒரே செடிதான். வெயில் படும் இலை வெளுத்து, ஓரம் கருகி நிற்கிறது. மேல் இலையின் நிழல் விழுந்த பகுதி மட்டும் பச்சை மாறாமல் இருக்கிறது. பீன்ஸ், எலுமிச்சை போன்ற பயிர்களில் இதைப் பார்க்கும் உழவர்கள் பலர், நோய் என்று நினைத்துப் பூஞ்சணக்கொல்லி வாங்கித் தெளிக்கிறார்கள். பணம் செலவாகிறது, இலை தேறுவதில்லை. நிழல் விழுந்த இடத்தை மட்டும் விட்டுவைத்து வெளுப்பு வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சத்துக் குறைவைத்தான்.

இலைக்குள் இரண்டு காவலர்கள்

இலையின் பச்சையம் இருக்கும் இடம் பசுங்கணிகம். வெயிலின் ஆற்றலைப் பிடித்து உணவு தயாரிக்கும் அடுப்படி அதுதான். பிடித்த ஆற்றல் முழுவதும் செலவாகாதபோது, மிஞ்சிய எலக்ட்ரான்கள் ஆக்ஸிஜனில் சேர்ந்து 'சூப்பர் ஆக்ஸைடு' உருவாகிறது. இது பெருகினால் பச்சையமும் செல் சவ்வும் சிதையும். பாராகுவாட் களைக்கொல்லி நல்ல வெயிலில் களையைச் சீக்கிரம் கருக்குவதும் இதே வழியில்தான்.

இதைத் தடுக்கப் பயிரே நொதிகளைத் தயாரித்துக்கொள்கிறது. முதல் காவலர் 'சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ்'. இது சூப்பர் ஆக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுகிறது. இரண்டாவது காவலர் 'அஸ்கார்பேட் பெராக்ஸிடேஸ்'. இது வைட்டமின் சி-யின் துணையோடு அந்த பெராக்ஸைடைத் தண்ணீராக்கிவிடுகிறது.

தேவை அறிந்து கூட்டும் குறைக்கும்

இந்த நொதிகளின் அளவு எப்போதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முதல் காவலரில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குத் தாமிரமும் துத்தநாகமும் வேண்டும்; மற்றொன்றுக்கு இரும்பு போதும். தாமிரம் குறைந்தால், முதல் வகையைக் குறைத்துவிட்டு இரும்பு வகையைக் கூட்டுகிறது கடுகு குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடி. ஒளிச்சேர்க்கைக்குத் தாமிரம் கட்டாயம் தேவை என்பதால், இருக்கும் கொஞ்சத்தை அதற்காக மிச்சம் பிடிக்கிறது.

ஜெர்மனியின் ஹோகன்ஹெய்ம் பல்கலைக்கழகத்தில் ஹார்ஸ்ட் மார்ஷ்னர், இஸ்மாயில் சக்மாக் இருவரும் பீன்ஸ் செடிகளில் செய்த ஆய்வுகள் இங்கே பயன்படும். துத்தநாகம், சாம்பல் சத்து, மக்னீசியம் குறைந்த செடிகளில் வெயில் கூடினால் வெளுப்பும் கருகலும் கூடுகின்றன என்று 1989-ல் காட்டினார்கள். இலையின் ஒரு பகுதியை நிழலில் வைத்தபோது அந்தப் பகுதி தப்பியது. மக்னீசியம் குறைந்த செடி தன் காவல் நொதிகளைக் கூட்டிக்கொள்வதை 1992-ல் வெளியிட்டார்கள். துத்தநாகக் குறையில் அந்த வழியும் அடைபடுகிறது. நொதி செய்யவே துத்தநாகம் வேண்டுமே!

நெல்லில் கவனிக்க வேண்டியவை

நம் வயல்களில் துத்தநாகக் குறை அதிகம் தெரிவது நெல்லில்தான். நட்ட 2 முதல் 4 வாரங்களுக்குள் அடி இலைகளில் துரு நிறப் புள்ளிகள் தோன்றும். பயிர் குட்டையாகி, வயல் ஏற்றத்தாழ்வாகத் தெரியும். வட இந்தியாவில் 'கெய்ரா நோய்' என்று அழைக்கப்பட்டது, உண்மையில் துத்தநாகக் குறைதான் என்று 1966-ல் பந்த்நகரில் ஒய்.எல்.நெனே கண்டறிந்தார்.

* நடவுக்கு முன், எக்டருக்கு 25 கிலோ (ஏக்கருக்கு 10 கிலோ) ஜிங்க் சல்பேட்டை 50 கிலோ காய்ந்த மணலுடன் கலந்து, வயலின் மேல்பரப்பில் தூவ வேண்டும்.
* டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து உரங்களுடன் இதைக் கலக்கக் கூடாது. கலந்தால் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காமல் போகும்.
* நின்ற பயிரில் அறிகுறி தெரிந்தால், 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்து மாலையில் தெளிக்கலாம். அறிகுறி மறையும் வரை 15 நாள் இடைவெளியில் தொடரலாம்.

'ஆன்டி ஆக்ஸிடன்ட்' டானிக் தேவையா?

உரக்கடையில் இந்தப் பெயரோடு வரும் பாட்டிலைப் பார்த்து உழவர்கள் கேட்கும் கேள்வி இது. காவல் நொதியைப் பயிரே தயாரித்துக்கொள்ளும்; அதற்கான சத்து மண்ணில் இருந்தால் போதும். டானிக்குக்குக் கொடுக்கும் பணத்தில் முதலில் மண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. எந்தச் சத்து குறைகிறதோ, அதை மட்டும் கொடுத்தால் செலவும் குறையும். இலையும் வெயிலைத் தாங்கும்.