ஆடுகளத்து ஆப்பிரிக்கா – 9: எனுகுவின் பறக்கும் மான்கள்

1970 ஜனவரியில் முப்பது மாதப் போர் ஓய்ந்தது. நைஜீரியாவிலிருந்து பிரிந்து இக்போ மக்கள் அமைத்த பியாஃப்ரா என்றொரு நாடு இல்லாமல் போனது. ‘வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை’ என்று அறிவித்தார் நைஜீரியாவின் ராணுவ ஆட்சியாளர் யாக்குபு கோவோன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், போருக்கு முன் வங்கியில் எவ்வளவு போட்டு வைத்திருந்தாலும் இக்போ மக்களுக்கு ஆளுக்கு 20 பவுண்டுதான் கைக்கு வந்தது.

அதே ஆண்டில் எனுகுவில், ‘பறக்கும் மான்கள்’ எனப்படும் ரேஞ்சர்ஸ் கால்பந்து கிளப் தொடங்கப்பட்டது. எனுகு நிலக்கரிச் சுரங்க ஊர். பியாஃப்ராவின் முதல் தலைநகர். 1967 அக்டோபரிலேயே நைஜீரியப் படையிடம் விழுந்த ஊரும்கூட. அணியின் தூணாகப் பின்னாளில் நின்ற கிறிஸ்டியன் சுக்வுவுக்குப் போர் மூண்டபோது 16 வயது. பள்ளிக்கூட வயதைப் போர் தின்றுவிட்ட தலைமுறை அது.

தொடங்கிய மறு ஆண்டே தேசியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை வந்து, இபாதான் நகரத்து அணியிடம் தோற்றார்கள். பிறகு நிற்கவில்லை. 1974, 1975, 1977 லீக் பட்டங்கள் எனுகுவுக்கே. 1975-இல் ஆப்பிரிக்க சாம்பியன் கிளப் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் கினியாவின் ஹாஃபியா அணியிடம்தான் மடங்கினார்கள்.

ஆனால் கிளப்பின் கதையில் உச்சம் என்று நான் சொல்வது 1977 ஆப்பிரிக்கக் கோப்பை வென்றோர் கோப்பையின் அரையிறுதியைத்தான். எதிரே அதே இபாதான் அணி, ஷூட்டிங் ஸ்டார்ஸ். முந்தைய ஆண்டு இந்தக் கோப்பையை வென்றவர்கள். யொருபா மக்களின் செல்லப் பிள்ளைகள். லாகோஸில் முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. இரண்டாவது, வடக்கே கடுனாவில். 1966 படுகொலைகளின்போது இக்போ மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது இந்த வடக்கிலிருந்துதான். பதினோரு ஆண்டு கழித்து, அவர்களுடைய அணி அங்கே பந்தாடப் போனது. அங்கும் கோல் விழவில்லை. பெனால்டியில் ரேஞ்சர்ஸ் வென்றது. கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் நெடிய உருவம் கொண்ட இம்மானுவேல் ஒகாலா. இறுதியில் கேமரூனின் கேனன் யாவுண்டேவை இரண்டு ஆட்டங்களும் சேர்த்து 5–2 என வீழ்த்திக் கோப்பையை எனுகுவுக்குக் கொண்டுவந்தார்கள்.

இதற்கு அடுத்து நடந்ததை எந்த அரசியல்வாதியும் திட்டமிட்டிருக்க முடியாது. 1980 மார்ச்சில் லாகோஸில் அல்ஜீரியாவை 3–0 என வென்று நைஜீரியா முதல்முறையாக ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையைக் கைப்பற்றியது. அதில் இரண்டு கோல் ஷூட்டிங் ஸ்டார்ஸின் செகுன் ஒடெக்பாமி அடித்தது. கோப்பையை வாங்கிய கேப்டன், ‘சேர்மன்’ என்று ரசிகர்கள் அழைத்த சுக்வு. பியாஃப்ரா சரணடைந்து பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது.

1984 லீக் பட்டத்துக்குப் பிறகு ரேஞ்சர்ஸுக்கு வறட்சி. அரசுப் பணத்தில் ஓடும் கிளப்புக்கு வரும் எல்லா நோயும் வந்தது. இருந்தாலும் முதல் டிவிஷனிலிருந்து ஒரு முறைகூட இறங்கியதில்லை. அடுத்த லீக் பட்டத்துக்கு 2016 வரை, 32 ஆண்டு காத்திருந்தார்கள். 2018 தேசியக் கோப்பை இறுதியில் கானோ பில்லர்ஸிடம் 0–3 எனப் பின்தங்கி, 3–3 ஆக்கி, பெனால்டியில் வென்றதை எனுகுக்காரர்களிடம் கேட்டால் விடியும்வரை சொல்வார்கள். 2024-இல் எட்டாவது லீக் பட்டம்.

வறண்ட காலத்திலும் எனுகு ஒரு பையனை உலகத்துக்கு அனுப்பியது. ரேஞ்சர்ஸ் சட்டை போட்டு, 1990-இல் ஜெர்மனிக்குப் போன ஜே-ஜே ஒகோச்சாவைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)