மொட்டை மாடி யாருடையது?

புனே நகரின் பாணேர் பகுதியில் பழைய தனி வீடுகள் இன்னும் உள்ளன. அவற்றைச் சுற்றி அடுக்குமாடிக் குடியிருப்புகள் உயர்ந்து நிற்கின்றன. வேலையின் பொருட்டு இங்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இக்குடியிருப்புகளில் வாழ்கின்றன. வீட்டிலேயே சூரிய மின்சாரம் எடுப்போருக்கு அரசு மானியம் தருகிறது. ஆனால், தனி வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் அம்மானியம் ஒரே அளவினதன்று.

ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரியத் தகடுகளை அமைக்கும் நோக்குடன், ‘பிரதமரின் சூர்ய கர்’ என்னும் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. இதற்கென 75,021 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தனி வீட்டுக்கு முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் கிடைக்கும். ஆக மொத்தம் 78,000 ரூபாய். அதற்குமேல் எத்தனை தகடுகள் வைத்தாலும் மானியம் கூடாது.

இத்தொகை முன்கூட்டியே கைக்கு வருவதில்லை. இந்தியாவில் செய்யப்பட்ட தகடுகளையே பொருத்த வேண்டும். மின் வழங்கும் நிறுவனமான மகாவிதரண் அமைப்பைச் சரிபார்த்து, இருவழி மின்மானியைப் பொருத்தும். அதன் பின்னரே மானியம் வங்கிக் கணக்கில் சேரும். அதுவரை முழுச் செலவையும் குடும்பமே ஏற்க வேண்டும். பிணையின்றிக் குறைந்த வட்டியில் கடன் தரவும் வங்கிகளுக்கு வழி செய்யப்பட்டுள்ளது. சேமிப்பு இல்லாத குடும்பத்துக்கு மானியத்தைவிட இக்கடனே முதல் உதவி எனலாம்.

ஒரு கிலோவாட் அமைப்புக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வெயில் படும் இடம் வேண்டும். அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 அலகு மின்சாரம் தரும்; மழைக்காலத்தில் இது குறையும். மூன்று கிலோவாட் எனில் மாதத்துக்கு 360 அலகு. பகலில் வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சுவது மின்கம்பிவழியே வெளியே செல்லும். இரவில் வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவதிலிருந்து அது கழிக்கப்படும். மகாராட்டிரத்தில் பயன்பாடு 100, 300, 500 அலகுகளைத் தாண்டுந்தோறும் அலகின் விலை உயர்கிறது. ஆகவே, முதலில் மிச்சமாவது விலை மிகுந்த அலகே. மாதம் 400 அலகு செலவிடும் வீட்டுக்கு 40 அலகுக்கே விலை விழும். நிலைக்கட்டணம் மட்டும் நீங்காது. தமிழ்நாட்டில் தாத்தா பாட்டி வீட்டுக் கணக்கோ வேறு. அங்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கட்டணம் கணக்கிடப்படுகிறது. முதல் 100 அலகுக்கான கட்டணம் 2016இல் நீக்கப்பட்டது. சிறிதளவே மின்சாரம் செலவிடும் வீட்டுக்குத் தகட்டால் வரும் ஆதாயமும் சிறிதே.

அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. எனவே, அங்கு வீட்டுவசதிச் சங்கமே விண்ணப்பிக்கிறது. மின்தூக்கி, நீரேற்றும் மோட்டார், படிக்கட்டு விளக்குகள் போன்ற பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. வீடு ஒன்றுக்கு 3 கிலோவாட் என்பது வரம்பு. 40 வீடுகள் உள்ள சங்கம் இக்கணக்கில் 120 கிலோவாட் வரை அமைக்கலாம். ஆனால், மாடியில் வெயில் படும் இடம் 3,000 சதுர அடியே எனில் 30 கிலோவாட்டுக்குமேல் இயலாது. அப்போது மானியம் 5,40,000 ரூபாய்.

மிச்சமாகும் பணம் மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் குறையும். சங்கத்தில் வாக்கு வீட்டு உரிமையாளருக்கே உண்டு. வாடகைக்கு இருப்போருக்கு இல்லை. பராமரிப்புத் தொகை வாடகையுடன் சேர்ந்திருந்தால், அது குறைந்தாலும் வாடகை தானாகக் குறையாது.

சங்கக் கூட்டத்தில் பணத்தைவிட நிழலைப் பற்றியே பேச்சு நீளக்கூடும். நீர்த்தொட்டியின் நிழலோ அடுத்த கட்டடத்தின் நிழலோ ஒரு தகட்டின்மேல் விழுந்தால், அதனுடன் இணைந்த வரிசை முழுவதிலும் மின் உற்பத்தி குறையலாம். ஆதலால், விண்ணப்பிக்குமுன் காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மாடியேறி, நிழல் எதுவரை நீள்கிறது என்று சுண்ணக்கட்டியால் கோடிட்டுப் பார்த்தல் நன்று. கோடைக்காலத்தைவிட டிசம்பரில் அக்கோடு நெடுந்தொலைவு செல்லும்.