வெற்றுச் சுருள் ஒலிநாடா

வெற்றுச் சுருள் ஒலிநாடா என்பது, ஒலி எதுவும் பதியப்படாத நிலையில் திறந்த சுருளில் சுற்றி விற்கப்படும் காந்த நாடா ஆகும். பேச்சு வழக்கில் இது ஸ்பூல் டேப் எனவும் அறியப்படுகின்றது. பதிவின் தரமும் அதன் ஆயுளும் பெருமளவுக்கு நாடாவின் தெரிவிலேயே தங்கியுள்ளன. பொருந்தாத நாடாவில் செய்யப்பட்ட பதிவைப் பின்னர் முழுமையாகச் சீர் செய்ய இயலாது.

வரலாறு

1928 இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் ஃபிளாய்மர் என்பவர் காந்தத் துகள் பூசிய காகித நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். 1935 இல் ஏஇஜி நிறுவனம் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மாக்னெட்டோஃபோன் கருவியை அறிமுகப்படுத்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இம்முறை பிற நாடுகளிலும் பரவியது.

தடிப்பும் பதிவு நேரமும்

வீட்டுக் கருவிகளிலும் வானொலி நிலையங்களிலும் கால் அங்குல அகல நாடாவே பொதுவாகப் பயன்பட்டது. தடிப்பின் அடிப்படையில் இது பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றது. 7 அங்குலச் சுருளில், நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில், ஒரு திசையில் கிடைக்கும் நேரம் இங்கு தரப்பட்டுள்ளது.

* இயல்பு நாடா: சுமார் 50 மைக்ரோமீட்டர், 366 மீட்டர், 32 நிமிடம்
* நீள் நாடா: சுமார் 35 மைக்ரோமீட்டர், 549 மீட்டர், 48 நிமிடம்
* இரட்டை நாடா: சுமார் 26 மைக்ரோமீட்டர், 732 மீட்டர், 64 நிமிடம்

வேகத்தை இரட்டிப்பாக்கினால் நேரம் பாதியாகும். ஆனால் உயர் அதிர்வெண் ஒலிகள் தெளிவாகப் பதியும். மெல்லிய நாடா எளிதில் நீளும் அல்லது மடியும். அத்துடன், ஒரு சுற்றில் உள்ள காந்தப் பதிவு அடுத்த சுற்றில் மெல்லியதாகப் படிந்து முன்னெதிரொலியாகக் கேட்கும். எனவே நெடுங்காலம் பேண வேண்டிய பதிவுகளுக்கு இயல்பு நாடா ஏற்றது. அதனை இறுதி முனை வெளியே இருக்குமாறு சுற்றி வைத்தால், இவ்வெதிரொலி மூல ஒலிக்குப் பின்னர் வந்து பெரும்பாலும் மறைந்துவிடும்.

கருவியுடன் பொருத்தம்

பதிவின்போது ஒலிக் குறிப்பலையுடன் உயர் அதிர்வெண் சார்பு மின்னோட்டமும் செலுத்தப்படுகின்றது. இதன் தேவையான அளவு நாடாவுக்கு நாடா வேறுபடும். அளவு குறைந்தால் உருக்குலைவு மிகும். மிகையானால் உயர் அதிர்வெண் ஒலி மங்கும். ஆகவே நாடா வகையை மாற்றும்போது கருவியையும் அதற்கேற்ப அளவமைக்க வேண்டும்.

உயர் வெளியீட்டு நாடாக்கள் இரைச்சலுக்கு மேலான வலுவான பதிவைத் தரும். எனினும் பழைய வீட்டுக் கருவிகள் பலவற்றால் அவற்றுக்குப் போதிய சார்பு மின்னோட்டத்தைத் தரவோ அவற்றை முழுமையாக அழிக்கவோ இயலாது. அத்தகைய கருவிகளுக்கு மிதமான வெளியீடு கொண்ட நீள் நாடாவே பொருத்தமானது.

பழைய இருப்பு நாடாக்கள்

முத்திரை பிரிக்கப்படாத பழைய நாடாவும் நல்ல நிலையில் இருக்கும் எனக் கொள்ள இயலாது. 1970களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை தயாரான ஆம்பெக்ஸ் 406, 456 போன்ற நாடாக்களில், துகள்களைப் பிணைக்கும் பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைகின்றது. அவை ஓடும்போது கிறீச்சிட்டு, தலைகளில் பிசுபிசுப்பான படிவை விட்டுச் செல்லும். இவற்றைச் சுமார் 54 பாகை செல்சியசில் பல மணி நேரம் சூடாக்கினால் தற்காலிகமாக இயங்கும். இது ஏற்கெனவே உள்ள பதிவை மீட்பதற்கான வழியேயன்றி, புதிய பதிவுக்கான வழியன்று.

அசிட்டேட் அடித்தள நாடாக்கள் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை பெறுகின்றன. சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்தால் அசிட்டேட் ஒளியை ஊடுருவ விடும், பாலியெஸ்டர் ஒளிபுகாது. வினாகிரி மணம் வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது எனலாம். அதனை மற்ற நாடாக்களிலிருந்து பிரித்து வைத்தல் வேண்டும்.

பயன்படுத்திய நாடாவை வாங்குமுன் ஒட்டுக்கள், நெளிந்த விளிம்பு, சீரற்ற சுற்று ஆகியவை உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். முன்னைய பதிவு அரியதாக இருக்கக்கூடும் என்பதால், அழிக்குமுன் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நன்று.

புதிய நாடாக்கள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓபலைக்கா நகரிலிருந்த குவான்டஜி ஆலை 2005 சனவரியில் மூடப்பட்டபோது உலகெங்கும் நாடாத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதன் பின்னர் பிரான்சின் ரெக்கார்டிங் த மாஸ்டர்ஸ், அமெரிக்காவின் ஏடிஆர் மேக்னெட்டிக்ஸ் ஆகியவை புதிய நாடாக்களைத் தயாரித்து வந்துள்ளன. மீண்டும் செய்ய இயலாத பதிவுகளுக்கு, விலை மிகுந்தாலும் புதிய நாடாவே பாதுகாப்பானது.