பழைய ஜீப்புக்கு எந்தப் பிரேக் வால்வு?

மலையடிவாரத் தோட்டங்களில் பழைய ஜீப்புகளின் பணி இன்னும் முடிந்துவிடவில்லை. வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் மும்பையில் பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்த வண்டிகளை வாங்கிப் புதுப்பித்து, வாழைத்தார், காய்கறி, உரமூட்டை கொண்டுசெல்லும் விவசாயிகள் உண்டு. எஞ்சினுக்கும் பெயிண்டுக்கும் தாராளமாகச் செலவு செய்வோர், பிரேக் வேலையை மட்டும் கையில் கிடைத்த சாமானை வைத்து முடித்துவிடுகின்றனர். வேறு வண்டியிலிருந்து கழற்றிய அழுத்த வால்வை அப்படியே பைப்பில் இணைப்பது அத்தகைய தவறுகளுள் ஒன்று.

பின் சக்கரம் முந்தக் கூடாது

ஓடும் வண்டியில் பிரேக் பிடித்தால் எடை முன்பக்கம் சாய்கிறது, பின்பக்கம் லேசாகிறது. மலை இறக்கத்தில் இது மேலும் அதிகம். அப்போது பின் சக்கரங்களுக்கு அளவுக்கு மீறிய அழுத்தம் சென்றால் அவை முதலில் இறுகி நின்றுவிடும். நின்ற சக்கரம் பக்கவாட்டுப் பிடிப்பை இழந்து சறுக்கும். வண்டியின் பின்பகுதி வீசித் திரும்பும். முன் சக்கரம் முதலில் நின்றால் ஸ்டியரிங் கேட்காது. ஆனால் வண்டி பெரும்பாலும் நேராகவே செல்லும். இரண்டும் தீமையே எனினும் முந்தையது மிகக் கொடியது. அதைத் தடுப்பதே அழுத்த வால்வின் வேலை.

நான்கும் டிரம் என்றால்

பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு அதில் கிடையாது. முன் வீல் சிலிண்டரைப் பெரிதாகவும் பின் சிலிண்டரைச் சிறிதாகவும் அமைத்து அந்தச் சமநிலையை ஏற்படுத்தினர். முன்னது 1 அங்குலம், பின்னது முக்கால் அங்குலம் விட்டமுள்ளவை என்று கொண்டால், ஒரே அழுத்தத்தில் பின் சிலிண்டர் தள்ளும் விசை முன் சிலிண்டரின் விசையில் சுமார் 56 சதவீதமே. எனவே சிலிண்டர் மாற்றும்போது பழைய விட்டத்தையே கேட்டு வாங்க வேண்டும். பின்னால் பெரிய சிலிண்டரைப் போட்டுவிட்டு, பிறகு அதை அடக்க வால்வு தேடுவது வீண் செலவு. பழைய அமைப்பை அப்படியே வைத்திருப்போர் வால்வுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

முன்னால் டிஸ்க் மாற்றினால்

முன் சக்கரத்துக்கு மட்டும் டிஸ்க் பிரேக் மாற்றினால் கணக்கு மாறிவிடுகிறது. டிரம் பிரேக்கில் சுழலும் டிரம்மே ஷூவை இழுத்து இறுக்க உதவும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. அதற்கு அதிக அழுத்தம் தேவை. அதே அழுத்தம் பின் டிரம்முக்கும் சென்றால் பின் சக்கரம் நின்றுவிடும். இதற்கென உள்ள வால்வுகள் மூன்று.

1. புரொபோர்ஷனிங் வால்வு: பின் பிரேக் பைப்பில் பொருத்துவது. குறிப்பிட்ட அளவுவரை அழுத்தம் தடையின்றிச் செல்லும். அதற்குமேல் பின்பக்க அழுத்தத்தை மெதுவாகவே ஏறவிடும். அந்த அளவு ஒவ்வொரு வண்டியின் எடைக்கும் ஏற்ப அமைக்கப்பட்டது. ஆகவே வேறு வண்டியின் வால்வு ஜீப்புக்குப் பொருந்தாது. திருகி அளவு மாற்றக்கூடிய வால்வே புதுப்பித்த வண்டிக்கு ஏற்றது. ஒரே பைப்பில் இத்தகைய வால்வு இரண்டைப் போடக் கூடாது.

2. மீட்டரிங் வால்வு: முன் டிஸ்க் பைப்பில் வருவது. டிரம் ஷூ தன் ஸ்பிரிங்கை வென்று நகரும்வரை டிஸ்க் பிடிப்பதைச் சற்றுத் தாமதப்படுத்தும்.

3. ரெசிடுவல் வால்வு: மிதியை விட்ட பிறகும் பைப்பில் சிறிது அழுத்தத்தை நிறுத்தி வைப்பது. டிரம்முக்குச் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு, டிஸ்க்குக்கு 2 பவுண்டு என்பது வழக்கமான அளவு. ஜீப்பின் மாஸ்டர் சிலிண்டர் மிதிபலகைக்கு அடியில் தாழ்வாக இருப்பதால், டிஸ்க்கிலிருந்து ஆயில் பின்வாங்காமல் இருக்க 2 பவுண்டு வால்வு தேவைப்படும். டிஸ்க் பைப்பில் 10 பவுண்டு வால்வு இருந்தால் பேட் எப்போதும் உரசிச் சூடேறும். டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே இந்த வால்வு இருக்கக்கூடும், கவனிக்க வேண்டும்.

சரிசெய்யும் முறை

காலியான வண்டியில்தான் பின் சக்கரம் விரைவில் நிற்கும். ஆகவே சுமையின்றியே வால்வைச் சரிசெய்ய வேண்டும். ஆளரவமற்ற சமதளத்தில், குறைந்த வேகத்தில், பின்பக்க அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும்படி திருகித் தொடங்க வேண்டும். பிரேக் பிடித்துப் பார்த்துச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். முன் சக்கரத்துக்கு முன்பே பின் சக்கரம் நின்றால் உடனே குறைக்க வேண்டும். ஈரத்தரையிலும் சோதித்த பிறகே திருகை இறுக்கி நிறுத்தலாம். சுமையோடு சரிசெய்தால், மூட்டைகளை இறக்கிவிட்டு வீடு திரும்பும்போது விபத்து நேரும்.

சில சரக்கு வண்டிகளில் சுமைக்கேற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு சேசிஸில் இருக்கும். ஒரு கம்பி அதைப் பின் அச்சோடு இணைக்கும். அத்தகைய வண்டியில் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டால் வண்டி உயர்ந்து, சுமை இல்லாததுபோல் வால்வு பின்பக்க அழுத்தத்தைக் குறைத்துவிடும். கம்பியின் அளவையும் திருத்தியமைக்க வேண்டும்.

வால்வால் தீராதவை

வண்டி ஒரு பக்கம் இழுப்பது, மிதி அடிவரை இறங்குவது, ஆயில் கசிவது ஆகியவற்றை எந்த வால்வும் தீர்க்காது. முதலில் லைனிங், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், டிரம்மின் தேய்மானம் ஆகியவற்றைச் சரிசெய்து, பைப்பிலுள்ள காற்றை முழுவதும் எடுத்துவிட வேண்டும். ரப்பர் வாஷர்களை மண்ணெண்ணெய், டீசலில் கழுவினால் அவை ஊதிக் கெடும். பிரேக் ஆயில் டப்பாவில் எஞ்சின் ஆயிலை ஊற்றவே கூடாது. டாட் 3, டாட் 4 வகை ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

பழைய ஒற்றை மாஸ்டர் சிலிண்டரில் ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரப் பிரேக்கும் போய்விடும். கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், வால்வையும் டிஸ்க்கையும் விட, முன், பின் பிரேக்குகளைத் தனித்தனியே இயக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கே அதைச் செலவிடலாம். அதையும் அனுபவமுள்ள பிரேக் மெக்கானிக்கைக் கொண்டே பொருத்த வேண்டும்.

பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. எனவே சாமான் வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நன்று. பிரேக் எவ்வளவு நன்றாக இருப்பினும், மலை இறக்கத்தில் தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்குவதே உயிருக்கும் விளைபொருளுக்கும் பாதுகாப்பு.