கண்ணை மூடினால் ஆட்டம் தெரியும்!

சுட்டீஸ், கள்ளக்குறிச்சி பக்கம், கல்வராயன் மலையடிவாரத்தில் தெருக்கூத்து பார்த்திருக்கிறீர்களா? நள்ளிரவில் தூக்கம் கண்ணைச் சுற்றும். அப்போது திரைக்குப் பின்னால் சலங்கை அதிரும். மிருதங்கமும் முகவீணையும் வேகமெடுக்கும். 'ராஜா வேஷம் வந்தாச்சு!' என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடலாம். இசையே ஆட்டத்தைக் காட்டிவிடும்!

இப்படி ஆட்டத்துக்காகவே பிறந்த இசை, சில பழைய இசைத்தட்டுகளிலும் இருக்கிறது.

புகழ்பெற்ற நடனக் கலைஞர் உதயசங்கர், 1930களில் தன் குழுவோடு ஐரோப்பா, அமெரிக்கா எல்லாம் சுற்றி வந்தார். அவர் தம்பிதான் சிதார் மேதை ரவிசங்கர். பத்து வயதிலேயே அண்ணனோடு பாரீஸ் போனவர்!

சரோட், சிதார், புல்லாங்குழல் என்று குழுவில் பல இந்தியக் கருவிகள். சுருதி சேர்த்த பல தபேலாக்களை வரிசையாக வைத்து, ராகமே வாசிப்பார்கள். அதற்குப் பெயர் தபேலா தரங்கம்.

1937இல் நியூயார்க்கில் இந்த இசையை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார்கள். அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான். அதற்குள் வாசித்து முடிக்க வேண்டும்!

இசைக்குப் பொறுப்பு விஷ்ணுதாஸ் ஷிராலி. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவாகி, 1948இல் வெளிவந்த உதயசங்கரின் 'கல்பனா' படத்துக்கும் அவரே இசையமைத்தார். ஆடியவர் பெயர் நிலைத்தது. இசை தந்தவரைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

அந்த மேடையை இனி நேரில் பார்க்க முடியாது. ஆனால் அந்த இசை கிடைத்தால், கண்ணை மூடிக் கேளுங்கள். எங்கே அடி மெதுவாகிறது, எங்கே சுழல்கிறது என்று உங்கள் கால்களே சொல்லும்.

அடுத்த கூத்தில் இன்னொன்றும் செய்யுங்கள். முகவீணை வாசிப்பவரிடம் போய், அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்களேன்!